தலைக்கு மேல் ஒரு மேடு

ஊருக்கு வடக்கே நீண்டு கிடக்கும் மலைமுகட்டில் இருபத்தோரு உச்சிகள் இருக்கின்றன. முதல் உச்சிக்குக் கீழே கார் நிறுத்த இடம் உண்டு, டீ உண்டு, கழிப்பறைகூட உண்டு. ஒன்பதாவது செங்குத்துப் பாறை. அதில் ஏறி இறங்கியவர்களால் அதைப் பற்றிப் பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. எல்லாவற்றிலும் உயரம் இருபத்தோராவதுதான். தபால் அட்டைகளில் வருவது அது.

பதினேழாவது என்று ஒன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்கும் வாங்காமல் பெயிலும் ஆகாமல், வாத்தியாருக்கே பெயர் ஞாபகமில்லாமல் படித்து முடித்துப் போகிற பையனைப் போன்ற உச்சி அது. பதினாறிலிருந்து பதினெட்டுக்குப் போகும் வழியில், பாதையை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி, புல் மூடிய ஒரு மேடு. அதற்கென்று யாரும் மெனக்கெட்டுப் போவதில்லை. கணக்கில் இருப்பதால் போகிறார்கள்.

இந்த மேட்டில்தான் கண்ணாடிக்கடைக்காரர் கவிழ்ந்தார். செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்தவனுக்காவது ஊரில் ஒரு மரியாதை உண்டு. புல்மேட்டில் கவிழ்ந்தவனுக்கு என்ன உண்டு என்று அவரே பின்னாளில் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தும்விடுவார், மற்றவர்கள் முந்திக்கொள்ளாமல் இருக்க.

அவர் கடை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், சாவி செய்கிறவருக்கும் சலவைக்கடைக்கும் நடுவே இருந்தது. எட்டடி அகலம். ஒரு பக்கம் ஃபிரேம்கள். மறுபக்கம் லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரம். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. மூக்குத் தாங்கிகளும் அரிசி மணி அளவு திருகாணிகளும் நாற்பது சின்ன இழுப்பறைகளில். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் பிழைக்க வந்த ஊர் அது. இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் ஒருவேளை தேவைப்படலாம் என்று எடுத்து வைத்தவை. மலைக்குப் போனாலும் அப்படித்தான்: இரண்டு விசில், மூன்று டார்ச், ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை, ஒருவேளை தொலைந்துபோனால் யாருக்குத் தகவல் சொல்வது என்று பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு. மலைநடைக் கழகத்தில் அவருக்கு ‘ஒருவேளை’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ‘ஒருவேளை வந்தாச்சா?’ என்று கேட்டுக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறுவார்கள்.

கழகம் கூடுவது சலவைக்கடைக்கு மேலே உள்ள அறையில். கீழே இஸ்திரி போடும் ஆவி மேலே வந்து, எல்லோருக்கும் வியர்வை துளிர்த்துக்கொண்டிருக்கும். அங்கே சுவரில் ஒரு மரப்பலகை. இருபத்தோரு உச்சிகளையும் தொட்டவர்களின் பெயர், ஆளுக்கொரு பித்தளைத் தகட்டில். நாற்பது வருடத்தில் பதினோரு பேர். நான்காவது தகடு கண்ணாடிக்கடைக்காரருடையது.

அந்தத் தகட்டை அவர் எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்பதை வெளியே சொன்னதில்லை. அந்த ஊரில் அவர் பெயர் எழுதியிருந்த மற்ற இடங்கள் மின்சார பில்லும் கடைப் பலகையும்தான். இரண்டும் பணம் கட்டினால் யாருக்கும் கிடைப்பவை. பித்தளைத் தகடு அப்படியில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் இறங்கிப் போனபின், கைக்குட்டையால் எல்லாத் தகடுகளையும் துடைப்பார், நாலாவதை மட்டும் துடைத்தால் தெரிந்துவிடுமே என்று.

பன்னிரண்டு வருடமாக அவர்தான் கழகச் செயலாளர். விதிப் புத்தகம் எழுதியதும் அவர்தான். இரண்டு மொழியில் படித்த மனிதர் ஆகையால் இரண்டிலும் எழுதினார். இரண்டிலும் ஒரே அளவு மிரட்டல். ‘உச்சி என்பது உச்சியே, உச்சிக்கு அருகாமை அல்ல’ என்பது மூன்றாம் விதி. அதை எழுதி முடித்த அன்று மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, “இதை யாராவது இல்லைன்னு சொன்னாங்களா?” என்றாள்.

யாரும் சொல்லவில்லை, மூன்று வருடத்துக்கு முன் அவர் மைத்துனர் அகப்படும்வரை.

மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இந்த ஊருக்கு அவரை வரவழைத்ததும் வேலை தேடிக் கொடுத்ததும் மலைக்குக் கூட்டிப்போனதும் இவர்தான். ‘வாரம் பூரா மத்தவங்களை மேல ஏத்தறேன், ஞாயித்துக்கிழமையாவது நானே ஏறறேன்’ என்று சிரித்துக்கொண்டே வந்தவர், எட்டு வருடத்தில் இருபத்தோரு உச்சிகளையும் முடித்துவிட்டதாக விண்ணப்பம் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

பதினேழாவதின் படத்தில்தான் வினை. புதிதாக அளந்து வெளிவந்த வரைபடத்தின்படி அங்கே இரண்டு மேடுகள். பாதைக்குப் பக்கத்து மேட்டில், யாரோ ஒரு சோம்பேறி அந்தக் காலத்தில் குவித்து வைத்த கற்குவியல் இருக்கிறது. உண்மையான உச்சி அதற்குத் தெற்கே முந்நூறு தப்படி தள்ளி, இரண்டரை மீட்டர் கூடுதல் உயரத்தில், ஒரு கூழாங்கல்கூடக் குவிக்கப்படாமல் இருக்கிறது. மைத்துனர் படம் எடுத்திருந்தது கற்குவியலில்.

கூட்டத்தில் பதினெட்டுப் பேர். செயலாளர் எழுந்து, வரைபடத்தை விரித்து, ஒரு கண்ணாடிக் கம்பியையே சுட்டுகோலாக வைத்துக்கொண்டு விளக்கினார். மைத்துனர் பாவம், கேமரா சாய்ந்திருக்கும் என்றார், மூடுபனி என்றார், இரண்டரை மீட்டர்தானே என்றார். செயலாளர் ஒவ்வொன்றாக உடைத்தார். கடைசியில், வீட்டில் தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தையும் எடுத்துவிட்டார்: “பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு, உங்க வீட்டுக்கு வந்துட்டுத்தான் போனேன்னு சொன்னா எப்படி மச்சான்?”

பதினேழு பேர் சிரித்தார்கள். அதன்பின் மைத்துனர் வீட்டுக்கு வரவில்லை.

முதல் மாதம் வேலை அதிகம் என்றார். இரண்டாம் மாதம் காய்ச்சல் என்றார். பிறகு காரணம் சொல்வதும் நின்றது. அக்காவோடு போனில் மட்டும் பேசுவார். ஒருமுறை அவர்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் நின்றுபோய், அவர்தான் வந்து சரிசெய்தார். நாலாவது மாடியில் அவர்கள் வீட்டு வாசலுக்கு நேரே முக்கால் மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, கதவைத் தட்டாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று இரவு மனைவி சாப்பாடு போட்டாள். தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அவ்வளவுதான். அந்தச் சத்தம் மூன்று வருடமாகக் குறையவில்லை.

விதி விதிதானே என்று இவரும் விறைப்பாகத்தான் இருந்தார், தையல்கார அம்மா கடைக்கு வந்த அந்த வியாழக்கிழமைவரை.

தையல் வேலையை விட்டு ஓய்ந்த அம்மா. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி கேட்டிருந்தார். இவர் மாட்டிவிட்டு, காதுப்பக்கம் சரிபார்த்து, “தூரத்துல எதையாவது பாருங்கம்மா” என்றார். அம்மா எழுத்துப் பலகையை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

“அது நீங்களா?”

“நான்தாம்மா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி.”

“தலையில முடி இருந்திருக்கு.”

“இருந்துச்சு.”

“எங்க நிக்கிறீங்க?”

“மலை உச்சியில.” அடக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

அம்மா கண்ணைச் சுருக்கினார். பிறகு சுருக்கத் தேவையில்லை என்று உணர்ந்து விரித்தார். “உச்சின்னா, உங்க தலைக்குப் பின்னாடி அது என்ன?”

“மேகம்.”

“மேகத்துல புல் முளைக்குமா?”

இவர் திரும்பிப் பார்த்தார்.

“உங்களைவிட மேல ஒரு மேடு தெரியுதே. அவ்வளவு தூரம் போயிட்டு அதுல ஏன் ஏறல? கால் வலிச்சுதா?”

“கண்ணாடி எப்படிம்மா இருக்கு?” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். 

“பிரமாதமா இருக்கு. பழைய கண்ணாடியில இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கேன், இந்த மேடு தெரிஞ்சதே இல்ல.”

அம்மா போனதும் கடைக் கதவைச் சாத்தி, உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு படத்தின் முன் நின்றார். தினமும் அதன் கீழேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். தன் படத்தில் மனிதன் முதலில் பார்ப்பது தன் முகத்தை. அடுத்தது தன் வயிற்றை. அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க அவனுக்கு ஆயுள் போதுவதில்லை. கற்குவியலின் மேல் கையை ஊன்றி இளைஞர் ஒருவர் வெற்றிச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நொடியில் பின்னால் பனி கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலில், வெற்றி வீரரின் தலைக்கு மேலே, சாவகாசமாகப் புல் மூடிய ஒரு மேடு.

கேமரா சாய்ந்திருக்கும் என்று நினைத்தார். பிறகு அளவுகோல் வைத்துப் பார்த்தார், சாயவில்லை. கேமரா தாழ்வாக இருந்திருக்கும் என்று நினைத்தார். அன்று மூடுபனி ஆயிற்றே என்றும் நினைத்தார். ஆக, இரண்டரை மீட்டர்தானே என்பது ஒன்றுதான் பாக்கி. அதையும் நினைக்க வாயெடுத்தபோது, இந்த வாதங்களை எல்லாம் வேறொருவர் குரலில் கேட்டிருக்கிறோமே என்று ஞாபகம் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நடந்ததை அவரே ‘பதினோரு நாள் வெட்கக்கேடு’ என்பார். படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் சொருகினார். படம் இருந்த இடத்தில் வெளுப்பாகச் சதுரம் தெரிந்தது. அதை மறைக்க இரண்டாவது எழுத்துப் பலகையை மாட்டினார். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் எதைப் படிப்பது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள். ஒருவர் தன் பார்வை சட்டென்று மோசமாகிவிட்டதாகவே முடிவு கட்டிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அவர் அதுவரை பழமொழியாகத்தான் கேட்டிருந்தார். இப்போதுதான் அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தது.

மனைவி கடைக்கு வந்தவள் உடனே கேட்டாள். “படம் எங்கங்க?”

“கண்ணாடியில விரிசல்.”

“கண்ணாடிக்கடையில கண்ணாடி மாத்த ஆள் இல்லையா?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவளுக்கு வேறு செய்தி இருந்தது. “ஞாயித்துக்கிழமை தம்பியோட மலைக்குப் போறீங்க.”

“யாரு, நானா?”

“அவனுக்கு அடுத்த மாசம் முட்டியில ஆபரேஷன். அதுக்கப்புறம் மலையெல்லாம் மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அந்தப் பதினேழை மட்டும் ஒரு தடவை ஒழுங்கா தொட்டுட்டு வந்துடறேங்கிறான். சாட்சி வேணுமாமே?”

“விதி அப்படித்தான்...”

“அந்த விதியை எழுதினவர்தான் சாட்சிக்கும் போகணும்னு நான் சொல்லிட்டேன். மூணு வருஷமா நான் வாயைத் திறக்கல. இப்ப திறக்கறேன். போயிட்டு வாங்க. கையெழுத்தைப் போடுங்க. அவனைக் கையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

அவள் போனபின் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அவர் எழுதியதுதான், ஆனாலும் ஏதாவது சந்து பொந்து விட்டு வைத்திருப்போமா என்று ஒரு நப்பாசை. விடவில்லை. பதினோராம் விதி: ‘ஒருமுறை மறுக்கப்பட்ட உச்சியை மீண்டும் தொடும்போது, இருபத்தோரு உச்சிகளையும் முடித்த ஒருவர் உடனிருந்து சாட்சியம் அளித்தாலன்றிச் செல்லாது.’

இருபத்தோரு உச்சிகளையும் முடித்த ஒருவர். இவர் முடித்தது இருபது. உண்மையைச் சொன்னால், தன் தகடு போவது மட்டுமில்லை. மைத்துனர் வலிக்கிற முட்டியோடு ஏறியதும் செல்லாமல் போகும். சொல்லாவிட்டால் மைத்துனர் பெயர் ஏறும், வீட்டில் தட்டுச் சத்தம் குறையும், நாலாவது தகடும் நாலாவது இடத்திலேயே இருக்கும். கழகத்தில் முடித்தவர்களில் இன்னும் மலையேறுகிறவர் தலைவியான பல் டாக்டரம்மா ஒருவர்தான், அவரோ அந்த வாரம் வெளியூரில். நேர்மையாக இருந்தால்தான் எல்லோருக்கும் கெடுதல் என்று ஒரு வழி அமைந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவருக்கே கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். மைத்துனர் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு வந்திருந்தார். மூன்று வருடத்தில் முகம் கொஞ்சம் வற்றியிருந்தது.

“நல்லா இருக்கீங்களா அத்தான்?”

“இருக்கேன் மச்சான். முட்டி எப்படி?”

“முட்டிக்கு என்ன, அது பாட்டுக்கு வலிக்குது.”

அதோடு பேச்சு முடிந்தது. பாதிவழியில் மைத்துனர் வேகவைத்த முட்டை இரண்டை எடுத்து, ஒன்றை நீட்டினார். இவர் வாங்கித் தின்றார். தொண்டையில் நின்றது. ஒருவேளை இருக்கட்டும் என்று கொண்டுவந்த இரண்டாவது தண்ணீர்ப் பாட்டில் அன்றுதான் முதல்முறையாக உபயோகப்பட்டது.

பதினாறைத் தாண்டியபோது பனி இறங்கியது. சட்டைப்பையில் சாட்சிப் படிவம் நாலாக மடித்து இருந்தது. நடக்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது. கற்குவியல் வந்ததும் மைத்துனர் மூச்சு வாங்க நின்றார். ஊன்றுகோலால் ஒரு கல்லைத் தட்டினார்.

“இங்கதான் அத்தான், மூணு வருஷத்துக்கு முன்னாடி சட்டமா உக்காந்து படம் புடிச்சேன்.” கோபம் ஒன்றும் இல்லை, சிரிப்புத்தான். “இப்ப சொல்றதுக்கு என்ன. உங்க கடையில மாட்டியிருக்கீங்களே ஒரு படம், அதை நான் போன்ல எடுத்து வெச்சிருந்தேன். பனியில ஒண்ணும் தெரியல. அதை வெச்சுத்தான் தேடினேன். இந்தக் குவியல், இந்தக் கோணக் கல்லு, எல்லாம் அப்படியே பொருந்திச்சு. அத்தான் கை வெச்ச இடத்துலயே கை வெச்சுட்டோம்னு ஒரே சந்தோஷம். அப்புறம் மீட்டிங்ல நீங்க விளக்கினப்புறம்தான் உறைச்சுது. நீங்க இங்க சும்மா இளைப்பாற நின்னு படம் எடுத்துட்டு, அப்புறம் நேரே போய் உச்சியைத் தொட்டிருக்கீங்க. எனக்குத்தான் கூறு இல்ல.”

திட்டியிருந்தால் கண்ணாடிக்கடைக்காரர் பதில் சொல்லியிருப்பார். அவருக்கு வாதம் செய்யத் தெரியும். இதற்கு என்ன சொல்வது? வழி காட்டிய பலகையே, வழி தவறியவனை எழுந்து நின்று திட்டியிருக்கிறது. அதுவும் பதினேழு பேரைச் சிரிக்க வைத்து.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் பதிலாக அவர் மூளை என்ன செய்தது என்பதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் காது சூடாகும். மைத்துனருக்கு முன்னால் தான் போய் உண்மையான உச்சியைத் தொட்டுவிட்டால், அந்த நொடியில் தனக்கு இருபத்தொன்றும் முடிந்துவிடும். அடுத்த நொடியில் மைத்துனர் தொடும்போது சாட்சி சொல்லத் தகுதி வந்துவிடும். விதியும் பிழைக்கும், தகடும் பிழைக்கும். ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. முந்நூறு தப்படி கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும்.

நடந்தார்.

“என்ன அத்தான், அவசரம்?”

“முன்னாடி போய்ப் பார்க்கிறேன். ஒருவேளை சேறா இருந்தா...”

“இருந்தா நானும்தான் மிதிப்பேன்,” என்று மைத்துனரும் எட்டிப்போட்டார். இவர் வேகத்தைக் கூட்டினார். மைத்துனர் ஊன்றுகோலை வேகமாக ஊன்றினார். “ரேஸா அத்தான்? சொல்லிட்டு ஓடக் கூடாதா?” ஐம்பத்தெட்டு வயதும் ஐம்பத்துநாலு வயதும், ஈரப்புல்லில் ஒருவரையொருவர் முந்தப் பார்த்துக்கொண்டு, வாத்துகள் மாதிரி ஏறின. பனியைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பின்னால் ‘அம்மா’ என்று ஒரு சத்தம். திரும்பினார். மைத்துனர் புல்லில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு.

உச்சிக் கல் இவருக்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது. புல்லுக்குள் பாதி புதைந்த சாதாரணத் தட்டைக் கல். பறவை எச்சம் விழுந்து காய்ந்திருந்தது. கையை நீட்டினால் போதும். மைத்துனர் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்த கல்லும் இவரைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. கையை நீட்டக்கூடச் செய்தார். நீட்டிய கையைப் பார்த்தபோது, படத்தில் கற்குவியலின் மேல் ஊன்றியிருந்த அதே கை என்று தோன்றியது. அதை மடக்கிக்கொண்டு இறங்கினார்.

மைத்துனர் பக்கத்தில் போய் ஈரத்தில் உட்கார்ந்தார்.

“ரொம்ப வலிக்குதா?”

“விடுங்க. நீங்க தொட்டுட்டீங்களா?”

“மச்சான், நான் அங்க போனதே இல்ல.”

“இப்ப போனீங்களே.”

“இப்பவும் தொடல. அப்பவும் தொடல. படத்துல நான் இளைப்பாற நிக்கல. அதுதான் உச்சின்னு நினைச்சு நின்னுட்டு, பல்லைக் காட்டிட்டு, இறங்கிப் போயிட்டேன்.”

மைத்துனர் முட்டியிலிருந்து கையை எடுத்தார். 

“எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“பதினோரு நாளா.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“தையல்கார அம்மாவுக்கு. அவங்க கண்டுபிடிச்சது அவங்களுக்கே தெரியாது.”

“அப்ப இந்த ரேஸ் எதுக்கு?”

பதினோராம் விதியையும் தன் திட்டத்தையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகக் கேட்டது.  முடிந்ததும் மைத்துனர் மெதுவாகச் சொன்னார்: “மூணு வருஷம் அத்தான். அக்கா கையால ஒரு வாய் டீ குடிக்கல.”

“தெரியும்.”

“உங்க மாடியில லிஃப்ட் கால் மணி நேரத்துல சரியாயிடுச்சு. அதுக்கப்புறமும் திருகாணியை முடுக்கற மாதிரி நின்னுக்கிட்டிருந்தேன். அக்கா ஒருவேளை கதவைத் திறப்பாளான்னு.”

“அது தெரியாது,” என்றார் இவர்.  “நீ வந்தது மட்டும் தெரியும்.”

“எல்லாம் தெரியும் தெரியும்னு சொல்வீங்க. உச்சி எதுன்னு மட்டும் தெரியல.”

சொல்லிவிட்டு மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தால், சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. சிரிக்கச் சிரிக்க முட்டி வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார். “பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு...” என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் புல்லில் சாய்ந்தார். “ஐயோ அத்தான், நீங்க அந்தக் கதவுக்குப் பித்தளைத் தகடே அடிச்சுட்டீங்களே!”

இவருக்கும் சிரிப்பு வந்தது. முழுதாக இல்லை, பாதி.

“சரி, தூக்குங்க,” என்றார் மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வந்ததுக்கு அந்தக் கல்லையாவது பார்ப்போம்.”

தோளில் கை போட்டு, பத்துத் தப்படிக்கு ஒருமுறை நின்று, மேலே வந்தார்கள். மைத்துனர் குனிய முடியாமல் ஊன்றுகோலை நீட்டிக் கல்லைத் தட்டினார். “செல்லுமா?”

“செல்லாது. கை படணும். நாலாம் விதி.”

மைத்துனர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இல்ல... வாய் தவறி வந்துடுச்சு,” என்றார் செயலாளர்.

மைத்துனர் பெருமூச்சு விட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டே குனிந்து, உள்ளங்கையை வைத்தார். “நான்தான் முதல்ல. எழுதிக்குங்க.” பிறகு இவர் தொட்டார். சில்லென்று இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை. மைத்துனர் போனை நீட்டிச் சுற்றிலும் நாலு படம் எடுத்தார், தலைக்கு மேலே எந்த மேடும் இல்லை என்பதற்கு அத்தாட்சியாக. படிவத்தில், சாட்சியின் தகுதி என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

அடுத்த சனிக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனார். முன்னுரை, பின்னணி, வரைபடக் குறிப்பு எல்லாம் இருந்தது. முதல் பக்கத்தில் பாதி வருவதற்குள் பின்வரிசையிலிருந்து மைத்துனர் குரல்: “அத்தான், சுருக்கமா சொல்லுங்க. முட்டி மடக்கி உக்கார முடியல.”

சுருக்கமாகச் சொன்னார். “நான் மச்சானை எந்தத் தப்புக்கு மறுத்தேனோ, அதே தப்பை அவருக்கு முன்னாடியே நான் பண்ணியிருக்கேன். என் படத்தைப் பார்த்துத்தான் அவரும் பண்ணினாரு. அவரைப் பார்த்துச் சிரிச்சவங்க இப்ப என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கீழே இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது. பல் டாக்டரம்மா போனில் இருந்த நாலு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார். “படத்தை வெச்சுத்தானே மறுத்தோம்? படத்தை வெச்சே ஏத்துக்கலாம். விதியைச் செயலாளர் அப்புறம் திருத்தட்டும். இந்தத் தடவை கொஞ்சம் மனுஷன் படிக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்க.” மைத்துனர் பெயர் பலகையில் கடைசியாக ஏறுவதென்றும், நாலாவது தகட்டைக் கழற்றிப் புதிய தேதியோடு அதற்கும் கீழே மாட்டுவதென்றும் முடிவானது. வீட்டில் பழைய படங்களைத் தேட வேண்டும் என்று சொல்லி, பலகையில் பெயருள்ள மூன்று பேர் அவசரமாகக் கிளம்பிப் போனார்கள்.

படிக்கட்டில் மைத்துனர் ஒவ்வொரு படியாக இறங்கினார். இவர் ஒரு படி கீழே நின்று தாங்கிக்கொண்டார்.

“இனிமே ஊர்ல யாராவது கேட்டா, அத்தான் எனக்கு ஜூனியர்னு சொல்லுவேன்.”

“சொல்லு.”

“ஒரு நிமிஷ ஜூனியர்.”

“சொல்லு மச்சான், யார் வேணாம்னாங்க. இப்ப வீட்டுக்கு வா.”

மைத்துனர் படியில் நின்றார். “போன ஞாயித்துக்கிழமையே ஏன் வரலன்னு அக்கா கேப்பாளே.”

“முட்டின்னு சொல்லியிருக்கேன்.”

“படத்து விஷயத்தைச் சொல்லியாச்சா?”

“இல்ல. இனிமேதான்.”

“மூணு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டுவா அத்தான். உங்களையும் திட்டுவா, வராம இருந்ததுக்கு என்னையும் திட்டுவா.”

“திட்டட்டும்,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர், அவர் கையைத் தன் தோள்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு. “இத்தனை நாளா தட்டுச் சத்தத்தை நான் ஒருத்தனே வாங்கிட்டிருந்தேன். இன்னிக்காவது பாதிப் பாதி.”